"யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" – சபைத் தலைவரிடம் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது

தேரிமணல் | செவ்வாய், இரவு 9:40

எங்கள் சேகரத்தில் (ஒரு போதகருக்குக் கீழே இருக்கிற சபைகளின் வட்டாரம்) அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல். இரண்டு அணி, இரண்டுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குரூப், இரண்டிலும் காலை ஐந்தரைக்கே வசனம் போட்ட ரோஜாப்பூ படம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்னாலேயே ஓர் அணிக்காரர் வந்து ஒரு தாளைக் கொடுத்தார். 'நல்ல கிறிஸ்தவத் தலைவரின் 12 குணங்கள்'. தாழ்மை, தரிசனம், ஜெப வாழ்க்கை, ஆத்தும பாரம் என்று போகிறது. மறுநாள் எதிரணிக்காரர் வந்தார், அவர் தாளில் 10 தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன், ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் அதை வைத்து ஒரு மனிதரைக்கூட கழித்துவிடவும் முடியாது. எனக்குத் தாழ்மை கிடையாது என்று எவராவது நோட்டீஸ் அடிப்பாரா?

இந்தத் தேர்தல் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சேகரத்தில் ஜெயித்தவர்தான் மேலே போவார், மேலே போனால் பள்ளிக்கூடம், கல்லூரி, வாத்தியார் வேலை, கட்டடக் கான்ட்ராக்ட். சரி, அந்த அழுகையை இன்னொரு நாள் அழலாம். நான் கேட்பது ஒன்றுதான். ஓட்டுப் போடுகிறவன் கண்ணால் பார்த்து முடிவு செய்கிற மாதிரி ஒரு குணம் சொல்லுங்கள்.

அம்பத்தூர் பிரதர் | செவ்வாய், இரவு 10:15

பிரதர், மன்னிக்கவும், உங்கள் கேள்வியே தப்பு என்று நினைக்கிறேன். தலைவரைக் கர்த்தர் எழுப்புவார், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பாரம்பரிய சபைகளின் பிரச்சினையே இந்தத் தேர்தல்தான். அபிஷேகம் இருக்கிறவரை நீங்கள் தேட வேண்டாம், அவரே தெரிவார். அதற்குப் பிறகு அவரை விமரிசிக்காமல் இருப்பதுதான் நம் வேலை. 'நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்' என்று சங்கீதம் 105-ல் தெளிவாக இருக்கிறது.

பழைய குவயர் | செவ்வாய், இரவு 11:02

தம்பி அம்பத்தூர், அபிஷேகம் பண்ணப்பட்ட தாவீது ராஜா தப்புச் செய்தபோது, முன்னால் போய் நின்று 'நீயே அந்த மனுஷன்' என்று சொன்ன நாத்தான் தீர்க்கதரிசியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பந்தியை விட்டு நழுவினாரே, அவரை முகமுகமாய் எதிர்த்த பவுல்? தொடாதே என்பது கொல்லாதே, கெடுதல் செய்யாதே என்ற அர்த்தத்தில் வருகிற வசனம். கணக்குக் கேட்காதே என்று அதில் இல்லை.

தேரிமணல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். சபைத் தலைவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று பவுல் பட்டியல் போட்ட 1 தீமோத்தேயு 3 எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் ஒருதடவை வேறு மாதிரி படித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலில் தரிசனம் இல்லை. பேச்சாற்றல் என்று எடுத்தால் 'போதகசமர்த்தன்' (போதிக்கத் தெரிந்தவன்) என்ற ஒரே வார்த்தை. மீதி எல்லாம் என்ன? குடிக்கிறானா, அடிக்கிறானா, சண்டை போடுகிறானா, வந்தவனுக்குச் சோறு போடுகிறானா, பண ஆசை உண்டா, வீடு எப்படி நடக்கிறது. இதெல்லாம் பிரசங்கம் கேட்டுத் தெரியாது, அடுத்த வீட்டில் கேட்டால் தெரியும். ஏழாம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போய், புறம்பானவர்களிடம் நற்சாட்சி வேண்டும் என்கிறது. அப்படியென்றால் கோயிலுக்கு வராத டீக்கடைக்காரரும், வேட்பாளருக்குக் கடனுக்குப் பலசரக்கு கொடுக்கிறவரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறார் பவுல். உங்கள் இரண்டு தாளிலும் இந்தக் குணம் இருக்கிறதா, பாருங்கள்.

தேரிமணல் | புதன், காலை 6:20

பார்த்துவிட்டேன். இரண்டிலும் இல்லை.

கணக்கு நோட்டு | புதன், மதியம் 1:45

நான் ஒரு சேகரத்தில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தவன், எனக்குத் தெரிந்த ஒரே குணத்தைச் சொல்கிறேன். காணிக்கை எண்ணும்போது அவர் எங்கே நிற்கிறார்?

சிரிக்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டிய அறை) மேஜைமேல் துண்டை விரித்துப் பையைக் கவிழ்ப்போம். பத்து ரூபாய் நாணயத்தைப் பத்துப் பத்தாக அடுக்குவது, கசங்கிய இருபது ரூபாய் நோட்டை நீவி விடுவது, சங்கக் காணிக்கைக் கவரைப் பிரித்துப் பெயர் படிப்பது, ரப்பர் பேண்ட் போடுவது. குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், மூன்று பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் வருவதற்கு முன்னால் அங்கே ஒருவர், வயதில் பெரியவர், நல்ல ஜெபவீரர் என்று பெயர், 'பசி நேரத்தில் உங்களுக்கு எதற்குச் சிரமம், வீட்டில் வைத்து எண்ணிக்கொள்கிறேன்' என்று பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போய்விடுவாராம். எத்தனை வருஷம் போனதோ. அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, எடுத்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பிரச்சினையே அதுதான். எடுக்காதவராக இருந்தாலும் அவரை நிரூபிக்க ஒரு காகிதம் கிடையாது. கடைசியில் ஊர் வாயில் விழுந்து மனசு ஒடிந்துதான் செத்தார்.

பவுலைப் பாருங்கள், எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தார் அல்லவா, அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்புகிறார். காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:20, 21): இந்தப் பணத்தில் ஒருவரும் எங்களைக் குற்றம் சொல்லாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று. பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. 'என் மனசாட்சி கர்த்தருக்குத் தெரியும்' என்று ஆரம்பிக்கிறவரைப் பார்த்தால் நான் முதலில் வங்கிப் பாஸ்புக்கைத்தான் கேட்பேன்.

பழைய குவயர் | புதன், மதியம் 2:30

கணக்கு நோட்டு ஐயா சொன்னதைப் படித்ததும் இஸ்ரவேலை நியாயம் விசாரித்த சாமுவேல் ஞாபகம் வந்தது. கிழவன், தலை நரைத்துவிட்டது, பதவியை விட்டுப் போகிற நாள். ஜனத்தைக் கூப்பிட்டு நிறுத்தி, 'நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?' என்று கேட்கிறான். யாரிடமாவது பரிதானம் (லஞ்சம்) வாங்கிக் கண்சாடையாய் இருந்திருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறான் (1 சாமுவேல் 12). எருது, கழுதை என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கிறான் பாருங்கள். 'நான் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னியுங்கள்' என்ற நம் பிரிவு உபசார விழாப் பேச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்.

ஆனால் அதே சாமுவேல் தன் இரண்டு மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தான், அவர்கள் பரிதானம் வாங்கினார்கள் என்று நாலு அதிகாரம் முன்னாலேயே எழுதியிருக்கிறது. தன் கை சுத்தம், பிள்ளை விஷயத்தில் கண் மறைத்தது. வேதம் இதை ஒளிக்காமல் வைத்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

அம்பத்தூர் பிரதர் | புதன், இரவு 8:10

மகன்களைப் பற்றிப் பேச்சு எடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) கட்டட நிதிக்கு நானும் என் மனைவியும் மூன்று வருஷம் மாதாமாதம் கொடுத்தோம். இடம் யார் பேரில் பதிவாகிறது என்று ஒரு தடவை கேட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரப் பிரசங்கம் முழுக்க கோராகு, மோசேயை எதிர்த்துப் பூமி விழுங்கினவன். என் பக்கம் பார்த்தே பேசினார். இப்போது அங்கே பாஸ்டரின் மகன்தான் பாஸ்டர். அபிஷேகம் மகனுக்கும் வந்துவிட்டது போல. நேற்று நான் போட்ட வசனம் அன்று அவர் எனக்குச் சொன்னதுதான், இப்போது யோசித்தால் அதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் தேர்தலும் சரியான வழி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மணப்பாடு அலை | புதன், இரவு 9:55

நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்குத் தேர்தல் தொல்லை இல்லை, பங்குத்தந்தையை ஆயர் அனுப்புவார், பிடிக்காவிட்டால் மாற்றல் வரும்வரை பொறுத்துக்கொள்வோம். அதனால் எங்களிடம் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள், பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள்.

ஒரு குணத்தை யாரும் சொல்லவில்லை. இறங்கத் தெரிவது. 2013 பிப்ரவரி 11-ம் தேதி 16-ம் பெனடிக்ட் 'இனி என் உடம்பில் பலம் இல்லை' என்று பதவி விலகலை அறிவித்தார். 1415-க்குப் பிறகு எந்தப் போப்பும் அப்படி இறங்கியதில்லை. அவருடைய கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனால் அந்த ஒரு நாள் அவரைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. நம் ஊரில் கல்லறைத் தோட்டக் கமிட்டித் தலைவர்கூட கல்லறைக்குப் போகிறவரை விடமாட்டார்.

அடுத்து வந்த பிரான்சிஸ் அதே வருஷம் பெரிய வியாழனன்று, இயேசு சீடர் காலைக் கழுவியதை நினைக்கிற நாளில், ரோமில் காசல் தெல் மார்மோ என்ற சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். அதில் இரண்டு பெண் பிள்ளைகள், முஸ்லிம்களும் உண்டு. அதுவரை திருச்சபைச் சட்டப்படி ஆண்கள் காலைத்தான் கழுவ வேண்டும். முதலில் கழுவிவிட்டார், சட்டத்தை 2016-ல் மாற்றினார்.

ஆறாம் பெஞ்சு | வியாழன், காலை 10:30

கால் கழுவுவதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊரில் ஒருதடவை நடந்தது. முந்தின நாளே யார் யார் காலைக் கழுவுவது என்று பட்டியல், அவர்களிடம் கால் கழுவிவிட்டு வரச் சொல்லியாயிற்று, போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அந்தத் துண்டைத் துவைத்துப் போட்டது நானும் இன்னொரு அக்காவும்.

தாழ்மையைப் பார்க்க வேண்டுமென்றால் அசன விழாவுக்கு (கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற நாள்) போங்கள் தம்பி தேரிமணல். ராத்திரி பூரா ஆள்கள் அடுப்படியில் நிற்பார்கள், பெரிய அண்டாவில் சோறு, இன்னொன்றில் ஆட்டுக்கறி, கண்ணைத் திறக்க முடியாத புகை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தி ஆரம்பித்தால் ஆயிரம் பேர் இரண்டாயிரம் பேர் சாப்பிடுவார்கள். முதல் பந்தியில் யார் உட்காருகிறார், கறி வாளியை யார் தூக்குகிறார், மூன்று மணிக்குக் கறி தீர்ந்து வெறும் குழம்பு மட்டும் இருக்கும்போது கடைசிப் பந்தியில் யார் இருக்கிறார், இவ்வளவு பார்த்தால் போதும். எங்கள் ஊருக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்திருந்தார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிச் சாம்பார் வாளியைத்தான் எடுப்பார். கறி வாளி எடுக்கமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, 'கறி வைக்கிறவன் முகம் பார்த்து வைப்பான், எனக்கு அந்தச் சோதனை வேண்டாம்' என்றார். அவர் பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். இவ்வளவு நேரம் எல்லாரும் 'அவர்' 'அவன்' என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) 2013-ல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். எங்கள் சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு இதுவரை ஒரு ரூபாய் இடித்தது இல்லை. ஆனால் கமிட்டிக்கு ஒரு பெண் நின்றால் 'குடும்பத்தை யார் பார்ப்பார்' என்கிறார்கள். ஆண்கள் நின்றால் அந்தக் கேள்வி வருவதில்லை, 1 தீமோத்தேயு 3 கேட்பது ஆணைத்தான் என்றாலும்.

தேரிமணல் | வியாழன், காலை 11:05

அக்கா, அந்தச் சாம்பார் வாளிக்காக நன்றி. இங்கே ஒரு சந்தேகம். இதெல்லாம் சின்ன இடத்துக்குச் சரி. பெரிய பொறுப்பில் இருந்து, பெரிய காரியம் செய்து, கையும் சுத்தமாக இருந்த ஆள் நம் பக்கத்தில் உண்டா? மேடையில் எல்லாரும் அசரியா பெயரைச் சொல்கிறார்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பழைய குவயர் | வியாழன், மாலை 5:20

அசரியாவைக் கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்பா அந்த ஊர் ஐயர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். ஒய்.எம்.சி.ஏ.யில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்ததில் அவர் முக்கியமான ஆள். நம் காசு, நம் ஆள் என்பதுதான் திட்டம், வெள்ளைக்காரன் பணம் வேண்டாம். அந்தச் சங்கம் வேலை செய்த இடம் நிஜாம் ராஜ்ஜியத்தில் டோர்னக்கல். கொஞ்ச காலம் மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909-ல் தானே கிளம்பிவிட்டார். நல்ல சம்பளம், நல்ல பெயர், முப்பத்தைந்து வயசு. அதை விட்டுவிட்டுத் தெலுங்கு அரிச்சுவடி படிக்கிறார். இதுதான் எனக்கு முதல் குணம், 'போங்கள்' என்று பேசினவர் போனார்.

அடுத்த வருஷம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், ஆசியாக்காரர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. அவர்களுடைய விருந்தாளியாகப் போய் அவர்கள் நடுவில் நின்று சொன்னார்: ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று. மிஷனரிகள் நம் ஊழியர்களைச் சரிசமமாக வீட்டுக்கு அழைத்துப் பழகுவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பலருக்குக் கோபம். அப்போது அவரைப் பிஷப் ஆக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம், அதைக் கவனியுங்கள். பதவி வரப்போகிற வேளையில் நாமெல்லாம் வாயை எப்படி வைத்துக்கொள்வோம்?

1912 டிசம்பர் 29, கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். எதிர்ப்பு வெள்ளைக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, சாதியைச் சொல்லி நம் பக்கத்து ஆட்களும் எதிர்த்தார்கள். இதை மேடையில் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எதிர்த்தவர்களின் பேரன்களும் மேடையில்தான் இருக்கிறார்கள். இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும், மெட்ராஸ் பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட். தன் அத்தியட்சாதீனத்திலிருந்து (பிஷப்பின் ஆளுகைப் பகுதி) ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, அசரியாவுக்காக விடாமல் வாதாடியவர். தன் எல்லையைக் குறைத்துக்கொண்டு இன்னொருவரை உயர்த்திய தலைவர் எத்தனை பேர்?

அப்புறம் 32 வருஷம் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாக. கூடவே மனைவி அன்பு மரியம்மாள். சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட சாதி மக்கள், நிலம் இல்லாத கூலிகள். அவர்களிடம் அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பேய்களைப் பற்றிப் பிரசங்கித்தார். பரலோகம் மட்டும் பேசவில்லை, வட்டிக்காரனைப் பற்றியும் பேசினார். அதே ஏழைகளிடம் காணிக்கையும் கேட்டார், பிடி அரிசியானாலும் கொடுங்கள் என்று, கொடுக்கிறவனுக்குத்தான் சபை தன்னுடையது என்று தோன்றும் என்பது அவர் எண்ணம். டோர்னக்கல் பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை ஆனது, படத்தில் பாருங்கள், குவிமாடமும் மண்டபத் தூணும் கலந்து நம் ஊர்க் கட்டடம் மாதிரியே இருக்கும்.

சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-ல் தரங்கம்பாடியில் கூடி அறிக்கை விட்டவர்களில் அவரும் ஒருவர். 1945 ஜனவரி 1 அன்று இறந்தார். சி.எஸ்.ஐ. உதயமானது 1947 செப்டம்பர் 27. இருபத்தைந்து வருஷம் உழைத்த காரியத்தின் திறப்பு விழாவில் அவருக்கு நாற்காலி இல்லை.

உடுவில்காரன் | வியாழன், இரவு 11:48

அண்ணை, ஒரு சின்னச் சேர்க்கை. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் வந்தவர். இங்கத்தைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெடியன்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு மிஷனரி அனுப்பியிருந்ததைப் பார்த்துத்தான், தன்ர திருநெல்வேலிச் சபை ஏன் அப்படிச் செய்யவில்லை என்ற யோசனை அவருக்கு வந்தது என்று சொல்லுவினம். தன்னைவிடச் சின்ன இடத்தில் ஒரு நல்ல காரியத்தைக் கண்டால் வெட்கப்பட்டு எடுத்துக்கொள்ளுகிற மனசு. அதையும் உங்கட பட்டியலில் போடுங்கோ.

கணக்கு நோட்டு | வெள்ளி, காலை 7:15

எனக்குப் பிடித்த ஆள் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர்தான், தஞ்சாவூர்க்காரன் என்பதால் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1779-ல் கம்பெனிக்காரர்கள் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஹைதர் நம்பினது அவரைத்தான். திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தைக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அதை அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போட்டுவிட்டார். அவர் சாகும்போது சரபோஜி ராஜா பக்கத்தில் நிற்கிற பளிங்குச் சிற்பம் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கோயிலில் இன்றும் இருக்கிறது. சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. 'புறம்பானவர்களால் நற்சாட்சி' என்பதற்கு இதைவிடப் பெரிய காகிதம் வேண்டுமா?

ஆறாம் பெஞ்சு | வெள்ளி, காலை 9:00

எல்லாம் சரி, செத்துப்போனவர்களுக்கு ஓட்டுப் போட முடியாது. தம்பி, வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'போன தடவை உங்களை எதிர்த்துப் பேசினவர் யார், அவர் இப்போது எங்கே?' பதிலைவிட முகத்தைப் பாருங்கள்.

தேரிமணல் | முதல் பதிவுக்கு 26 நாள் கழித்து, ஞாயிறு இரவு

தேர்தல் முடிந்தது. அக்கா சொன்ன கேள்வியை இரண்டு அணியிலும் கேட்டேன். முதலாமவர், 12 குணத் தாள் கொடுத்தவர், 'எதிர்த்தவங்க யாரும் இப்போ நம்ம கோயில்ல இல்ல தம்பி, கர்த்தர் பார்த்துக்கிட்டார்' என்றார் சிரித்துக்கொண்டே. இரண்டாமவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு 'என் மச்சான்தான், இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது, தப்பு என் பேர்லயும் உண்டு' என்றார். அவருக்கே போட்டேன். அவர் தோற்றுவிட்டார், 19 ஓட்டில்.

ஆனால் பொருளாளர் பதவிக்கு யாரும் எதிர்பாராமல் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா ஜெயித்துவிட்டார்கள், எந்த அணியும் இல்லை, பெண்கள் பூரா போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இன்று காலை வாசல் நோட்டீஸ் போர்டில் முதல்தடவையாக மாதக் கணக்கை ஒட்டியிருக்கிறார்கள். கையால் எழுதினது, மூன்று கையெழுத்து. ஆராதனை முடிந்து ஒரு கூட்டமே அதைச் சுற்றி நின்றது. 'மைக் ரிப்பேர் 2,800' என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் 'எந்த மைக்?' என்று எழுதிவிட்டார்கள். சாயங்கால ஆராதனைக்குப் போனபோது பார்த்தேன், அதற்குக் கீழே டீச்சரம்மா கையெழுத்தில், 'பிரசங்க பீடத்து மைக். பில் என்னிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.'

கணக்கு நோட்டு | ஞாயிறு, இரவு 10:20

2,800 கொஞ்சம் அதிகம்தான். பில்லைப் போய்ப் பாருங்கள்.